நாற்பத்திரண்டு பேருக்குக் கைடு வேண்டுமா என்பது பற்றி

பாறசாலை,
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த சுந்தரதாஸ் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை ராஜபாயின் மகள் ரெஜிலா பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். அம்மாவின் முட்டுவலி மட்டும் யாரையும் கேட்காமல் வருகிறது, யாரிடமும் சொல்லாமல் போகிறது. நாகர்கோவிலில் நீங்களும் மாமியும் சுகம் என்பதை, தினமும் காலை ஐந்து மணிக்கு நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் ரோஜாப்பூவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அந்தப் பூக்களுக்கு நான் பதில் போடுவதில்லை என்று மாமிக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். பூவுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த பூ வந்துவிடுகிறது. அவ்வளவுதான் காரணம், வேறு மனவருத்தம் ஒன்றும் இல்லை என்று மாமியிடம் சொல்லவும்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஃபோனில் கூப்பிட்டு, "மக்கா, எங்க காலை நடைச் சங்கத்துல நாப்பத்திரண்டு பேரு ரெண்டாம் சனிக்கிழம ஒங்க ஊரு நினைவிடம் பாக்க வாறோம். கைடு வச்சுப் பாக்கணுமா, நாங்களே சுத்திப் பாத்துக்கலாமா? ஒத்த வார்த்தையில சொல்லு," என்று கேட்டீர்கள். நான் "ம்" என்றேன். "ம்-ன்னா கைடு உண்டா, இல்லியா?" என்று கேட்டீர்கள். அதற்கும் நான் "ம்" என்றேன். நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, யோசிச்சு எழுதிப் போடு," என்று வைத்துவிட்டீர்கள். மாமா, எனக்கு யோசனை ஒன்றும் தேவைப்படவில்லை. பதில் அப்போதே முழுசாகத் தயாராக இருந்தது. தொண்டைதான் தயாராக இல்லை. "இந்தப் பிள்ள பேனா எடுத்தா நிறுத்தமாட்டா, வாயத் தொறந்தா தொடங்கமாட்டா," என்று அம்மா சொல்வது உங்களுக்குத் தெரியும். ஆகவே தொடங்கிவிட்டேன். என் பதில் இது: கைடு வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். சங்கத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாலும் எனக்குக் கூச்சம் இல்லை, நான் அங்கே இருக்கமாட்டேன் அல்லவா.

நீங்கள் கடைசியாக வந்தபோது அந்த இடம் மதில்கூட இல்லாமல் புல் முளைத்துக் கிடந்தது. இப்போது கமிட்டிக்காரர்கள் மதில் கட்டி, கேட் போட்டு, நடுவில் ஓடு பதித்த பாதை போட்டு, ஒரு பெஞ்சும் தகர ஷெட்டும் வைத்து அழகாக்கியிருக்கிறார்கள். ராஜா காலத்தில் சந்தை மைதானத்தில் கூட்டம் கூடியவர்களைப் பட்டாளம் சுட்டதில் இறந்த ஆறு பேருக்கும் ஆறு கல். ஐந்து கல்லில் பேர் உண்டு. ஆறாவது கல்லில் "பேர் தெரியாத ஒருவர்" என்று மட்டும் வெட்டியிருக்கிறது. அன்றைக்குச் சந்தைக்கு வந்தவரா, கூட்டத்துக்கு வந்தவரா, வழியோடு போனவரா, யாருக்கும் தெரியாது. கேட்டின் சாவி அம்மாவிடம் இருந்தது. முட்டுவலி வந்த பிறகு என்னிடம். காலை ஒன்பது மணிக்குத் திறப்பேன், பெருக்குவேன், வருகிறவர்களிடம் வருகைப் புத்தகத்தை நீட்டுவேன், ஐந்து மணிக்குப் பூட்டுவேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது பாடம் ஏறாமல் அல்ல என்று உங்களுக்குத் தெரியும். டீச்சர் பேர் கூப்பிடும்போது "பிரசென்ட்" என்று சொல்ல வராமல், பாதி வருஷம் வகுப்பில் இருந்துகொண்டே ஆப்சென்ட் ஆனேன். வீட்டில் இருந்தாலும் வருகிறவர்கள் எல்லாரும், "என்ன பிள்ளே, பேசமாட்டியா? நாக்கு உண்டா இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். நினைவிடத்தில் ஒருத்தி பேசாமல் நின்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே அது மரியாதை. ஊரிலேயே எனக்குப் பொருத்தமான இடம் அது ஒன்றுதான் மாமா. அந்தச் சாவிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. உங்கள் சங்கம் வந்து போன மறு திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. கைடு கூட்டிக்கொண்டு வராத யாரையும் இனி உள்ளே விடுவதில்லை, கேட்டை எப்போதும் பூட்டி வைத்து, முன்கூட்டிச் சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும் கைடு வந்து திறப்பார் என்று தீர்மானம் போடப் போகிறார்கள். அப்படியானால் சாவி கைடிடம் போய்விடும். நாற்பத்திரண்டு பேர் வந்து போய் வருகைப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு என்று கமிட்டிப் பிரசிடென்ட் சதாசிவன் சார் சொல்லியிருக்கிறார். ஆகவே நீங்கள் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி அல்ல.

முதலில் கைடைப் பற்றி. அவர் பேர் ராஜப்பன் அண்ணன். நல்ல மனுஷர், எனக்கு எத்தனையோ நாள் பழம்பொரி வாங்கித் தந்திருக்கிறார், அதை மறைக்கக் கூடாது. இருபது வருஷம் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அனௌன்ஸ்மென்ட் செய்தவர். தேர்தல், திருவிழா, லாட்டரி, துணிக்கடைத் திறப்பு எல்லாம் அவர் தொண்டைதான். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் கமிட்டி அவரைக் கைடாக வைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக நான் நாலு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்பதால் தமிழையே மலையாள எழுத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, மடித்து, வெயிலுக்கு விசிறிக்கொண்டே தன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டார். லாட்டரிப் பழக்கத்தில் எல்லாவற்றையும் மூன்று தடவை சொல்லுவார். "இந்த மண்ணில்... இந்த மண்ணில்... இந்த மண்ணிலாக்கும் அவங்க உயிர் குடுத்தது!" என்று அவர் கை நீட்டும்போது, டிக்கெட்டுக்குப் பர்ஸைத் தொட்டுப் பார்த்தவர்களை நானே கண்டிருக்கிறேன். அதுகூடப் போகட்டும் மாமா. அவருடைய குறை ஆறாவது கல்லில்தான் இருக்கிறது. பேர் உள்ள ஐந்து கல்லையும் ஒழுங்காகச் சொல்லுவார். ஆறாவது கல் முன்னால் வந்ததும், வந்திருப்பவர்கள் எந்த ஊர் என்று கேட்பார். திங்கள் சந்தை ஊர்க்காரர்கள் வந்தால் அந்தப் பேர் தெரியாதவர் திங்கள் சந்தைக்காரர். நர்சிங் படிக்கும் பிள்ளைகள் வந்தால் அவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். பாங்க்காரர்கள் வந்தபோது அவர் சீட்டுக் கணக்கு எழுதுகிறவராக இருந்து, கணக்கு நோட்டோடு விழுந்தார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். நான் ஷெட்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஓணம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு குடும்பக் கூட்டமும் காட்டாக்கடையிலிருந்து ஒரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனும் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. ராஜப்பன் அண்ணன் கெட்டிக்காரர், மார்த்தாண்டத்துக்காரர்களை முன்னால் விட்டு, காட்டாக்கடைக்காரர்களை முதல் கல்லில் நிறுத்தினார். ஆறாவது கல்லில், "நம்ம மார்த்தாண்டத்திலேருந்து தேன் விக்க வந்தவராக்கும், தேன் குடம் ஒடஞ்சு மண்ணெல்லாம் இனிச்சு கிடந்தது," என்று சொல்லி முடித்து, அவர்கள் அங்கேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது காட்டாக்கடைக்காரர்களைக் கூட்டிவந்தார். தொண்டைக்குப் பழக்கம் விடுமா? முன்னால் நிற்கிறவர்களை மறந்து, "நம்ம காட்டாக்கடைச் சந்தையிலேருந்து மாடு வாங்கித் திரும்பினவராக்கும்," என்று தொடங்கிவிட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மார்த்தாண்டத்து அக்கா ஒருத்தி, "அண்ணே, இப்பம்தானே தேனுன்னு சொன்னீரு, அதுக்குள்ள மாடு எங்கருந்து வந்தது?" என்று கேட்டாள். காட்டாக்கடைப் பெரியவர், "மாடு வாங்கின ஆளுக்கு தேனும் வாங்கப்படாதா? ஆளு எங்க ஊரு, தேனு ஒங்க ஊரு, தீந்துது," என்றார். அதெப்படித் தீரும்? மார்த்தாண்டத்துக்காரர்கள் ஏற்கெனவே கல்லுக்கு மாலை போட்டிருந்தார்கள். "மால எங்க ஊர்க்காரங்க போட்டதாக்கும், அத எடுக்கப்படாது." "பின்ன எங்க மால எங்க வைக்க?" என்று இரண்டு பக்கமும் மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ராஜப்பன் அண்ணன் வேர்த்து வழிந்து, "அவருக்க அம்மை வீடு மார்த்தாண்டம், அப்பன் வீடு காட்டாக்கடையாக்கும்," என்று ஒரு கல்யாணமே நடத்தி வைத்துவிட்டார். போகும்போது இரண்டு கூட்டமும் சம்பந்திகளைப்போல முறைத்துக்கொண்டு பஸ் ஏறின. மறுநாள் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் "ஏன் அண்ணா?" என்று மலையாளத்தில் எழுதி நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "மக்கா, பேரில்லாத கல்லு முன்ன நின்னா ஆளுகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதப் பாத்து நிக்க எனக்கு முடியாது. நான் அவருக்கு ஒரு ஊரு குடுக்கியேன். அது தப்பா?" என்று கேட்டார். தப்புதான் மாமா. ஆனாலும் அவர் கேட்டவிதம் எனக்கு இரண்டு நாள் மனசில் கிடந்தது. ஒன்று மட்டும் நிச்சயம்: உங்கள் சங்கம் வந்தால் அந்த ஆறாவது மனுஷர் காலை நடைக்கு வந்தவர் ஆகிவிடுவார். டாக்டர் தினமும் நாலு கிலோமீட்டர் சொல்லியிருந்தார் என்பதுவரை ராஜப்பன் அண்ணன் சொல்லுவார். நீங்களும் அழுவீர்கள்.

இனி கைடு இல்லாமல் பார்ப்பதைப் பற்றி. அதில் குறையே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அந்த மாலைச் சண்டைக்குப் பிறகு கமிட்டி ராஜப்பன் அண்ணனைக் கொஞ்சநாள் ஓய்வெடுக்கச் சொல்லி, போர்டு எழுதி வைக்கலாம் என்று தீர்மானித்து, பெயிண்ட் டப்பாவை என் கையில் தந்தது. மாமா, என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வாரம் வேறு இல்லை. எட்டுப் போர்டு எழுதினேன், நாலு மலையாளம், நாலு தமிழ், போதாததற்கு அம்புக்குறி வேறு. முதல் வாரமே காற்றடித்து ஒரு அம்பு திரும்பிவிட்டது. திருவனந்தபுரத்துக் குடும்பம் ஒன்று அதன்படியே ஒழுங்காக நடந்து, பின்பக்கம் மதில் இடிந்த வழியாகச் சதாசிவன் சார் வீட்டுக் கொல்லை வளப்பில் இறங்கி, அங்கே துணி துவைக்கிற கல்லைப் பார்த்து, அதில் பேரும் இல்லாததால் அதுதான் ஆறாவது கல் என்று நம்பி, பூ வைத்துக் கும்பிட்டு, ஐந்து நிமிஷம் மௌனமாக நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாரின் மனைவி குமாரி அக்கா நனைந்த துணி வாளியோடு வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். "எடி ரெஜிலா, எனக்க கல்லுக்கு ஆருடி பூ வச்சது? எனக்கு என்னமோ ஆவப்போவுதுன்னு ஆரும் சொன்னினுமா?" என்று கேட்டார். நான் அம்பைக் காட்டினேன். அவர் அம்பைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் முப்பது வருஷம் அதில தொவச்சதுக்கு ஒருத்தனும் ஒரு பூ வச்சதில்ல," என்றார். அன்றைக்குத் துணி துவைக்கவும் இல்லை.

சதாசிவன் சார் அப்படிச் சிரிக்கிறவர் அல்ல. அவர் கோபப்பட்டது தீபாவளிக்கு மறுநாள். அதில் என் பங்கு உண்டு. நம் பக்கத்தில் துப்பாக்கியால் சுடுவதை வெடி வைப்பது என்றுதானே சொல்லுவோம்? நானும் அப்படியே, சுட்டவர்கள் நின்ற இடத்தில் "இங்கே நின்றுதான் வெடி வைத்தார்கள்" என்று ஒரு போர்டும், கற்களின் பக்கத்தில் "வெடி கொண்டு ஆறு பேர் இறந்தார்கள்" என்று ஒரு போர்டும் எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று, தமிழ் வாசிக்க வராத ராஜப்பன் அண்ணனே சொன்னார். அன்று காலை சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது, திருவனந்தபுரம் போகிற வழி. வேன் பிடிக்க ஆள் சேர்த்தவர் மீசை வைத்த ஒரு மாமா, தோளில் துண்டு. அவர் போர்டை வாசித்தார், கல்லைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. பின்னால் வந்தவர்களிடம் மெதுவாக, "வெடி விபத்துடா. நம்ம தொழில்காரங்க. ஆறு பேரு," என்றார். எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். என்னிடம் வந்து, "ஏம்மா, ஃபேக்டரி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். எந்த ஃபேக்டரி? எனக்குப் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். "பாவம், கேக்காதீங்க. இந்தப் பிள்ளை வீட்டுலயும் யாரோ போயிருக்காங்க," என்று ஒரு அக்கா என் தலையைத் தடவினாள். மீசைக்காரர் புத்தகத்தில், "ஆறு குடும்பத்துக்கும் நிவாரணம் கிடைத்ததா? தொழிலாளி உயிருக்கு மதிப்பு வேண்டும்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "நம்ம ஆளுங்களைச் சத்தமில்லாம அனுப்புறது வழக்கமில்ல," என்று வேனிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து, சரியாக என் போர்டு சொன்ன இடத்தில், ஆயிரம் வாலாச் சரத்தை நீளமாக விரித்துப் பற்ற வைத்துவிட்டார்.

மாமா, அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. சதாசிவன் சாரின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்த வளப்பு மரச்சீனிக் கிழங்குச் செடி முழுவதையும் மிதித்துப் போனது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கோயிலில் கொடியேற்றம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். சார் பாதி முகத்தில் ஷேவிங் சோப்போடு ஓடிவந்து, "எவனாக்கும் இஞ்ச வெடி வச்சது?" என்று கத்தினார். மீசைக்காரர் அமைதியாக, "போர்டுல போட்டிருக்கே ஐயா, இங்க நின்னுதான் வெடி வைப்பாங்கன்னு," என்றார். "வைப்பாங்கன்னு இல்ல, வச்சாங்கன்னாக்கும்! அது துப்பாக்கி வெடி!" "துப்பாக்கி வெடியா? பிள்ளைங்க வெடிக்கிற கேப்பா? கேப்பு வெடிச்சா ஆறு பேரு செத்தாங்க?" சாருக்குச் சோப்பு வாய்க்குள் போய்விட்டது. துப்பிவிட்டு, இரண்டு கையாலும் துப்பாக்கி பிடித்துக் காட்டி, "பட்டாளம்! ஆளுகள சுட்டது! ராஜா காலத்துல!" என்றார். அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. மீசைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். காகிதத் துண்டுகள் கல்மேல் எல்லாம் சிவப்பாகக் கிடந்தன. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், வேனில் வந்த எல்லாரும் பொறுக்கினார்கள். பிறகு, "தப்பாப் பாத்துட்டோம். முதல்லேருந்து பாத்துட்டு வாறோம்," என்று சொல்லி, முதல் கல்லிலிருந்து மறுபடி ஒவ்வொரு பேராக வாசித்துக்கொண்டு போனார்கள். ஆறாவது கல் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். யாரும் அவருக்கு ஊர் கொடுக்கவில்லை. அந்த மீசைக்காரர் புத்தகத்தில் எழுதினதை அடித்துவிட்டு, கீழே "மன்னிக்கவும், இப்போது புரிந்தது" என்று எழுதினார். ஆனால் சதாசிவன் சார் அடித்ததை மட்டும் வாசித்துவிட்டு, "இனி கைடு இல்லாம ஒருத்தனும் உள்ள கேறப்படாது," என்று சொல்லிவிட்டார். அவர் பசு இரண்டு நாள் பால் தரவில்லை, அந்தக் கணக்கும் என் போர்டின் தலையில்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஏன் கைடு வேண்டாம் என்கிறேன் என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் தெளிவானது. கைடோடு வந்த ஒருவர்கூட இதுவரை இரண்டாம் தடவை பார்த்தது இல்லை. அழுவதற்கு வேண்டியதை அவர் கொடுத்துவிடுகிறார், பிறகு பஸ் ஏறுவதுதான் பாக்கி. தானாகப் பார்த்தவர்கள் தப்பாகப் பார்த்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பு என்று தெரிந்தவர்கள் முதலிலிருந்து மறுபடி பார்த்தார்கள். நினைவிடத்துக்கு வருவது எதற்கு? கதை கேட்பதற்கு என்றால் வீட்டிலேயே கேட்கலாம். போர்டை இப்போது மாற்றிவிட்டேன். "இங்கே நின்று துப்பாக்கியால் சுட்டார்கள்" என்று எழுதி, வாசித்துப் பார்த்து, மறுபடி வாசித்துப் பார்த்துத்தான் நட்டிருக்கிறேன். அம்புக்கு இரண்டு ஆணி. மதிலின் இடிந்த இடத்தில் குமாரி அக்கா ஓலை கட்டிவிட்டார். இனி ஒரு குறையும் வராது.

ஆகவே நாற்பத்திரண்டு பேரும் கைடு இல்லாமல் வரவும். ஒரே தடவையில் நுழையாமல் ஏழு ஏழு பேராக நுழையவும், ஆறு தடவையில் கணக்கு சரியாக முடியும். நடைச் சங்கம் என்பதால் வேகமாகச் சுற்றிவிட வேண்டாம். வெளியே வரும்போது புத்தகத்தில் நீங்கள் எழுத வேண்டியதையும் எழுதித் தருகிறேன்: "நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் கைடு இல்லாமல், போர்டு வாசித்து, எந்தக் குழப்பமும் இன்றி நினைவிடத்தைப் பார்த்தோம். இதே முறை தொடர வேண்டும். கேட்டில் நிற்கும் பெண் பேசாமல் இருப்பது இடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது." கடைசி வரி உங்களுக்கு விருப்பமிருந்தால். மாமியிடம் என் அன்பைச் சொல்லவும். சங்கத்தில் உள்ள எல்லாருடைய முழங்காலுக்கும் ஆண்டவர் பெலன் தரட்டும். உங்கள் ஜெபத்தில் அம்மாவின் முட்டுவலியையும், என் சாவியையும் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் என்ற முறையில் எப்போதும் கீழ்ப்படிதலுள்ள,
ரா. ரெஜிலா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதுவது. கவரை ஒட்டியிருந்தேன், கிழித்துவிட்டேன். சதாசிவன் சார் தன் மகள் ஸ்வப்னா அக்காவைப் பார்க்க பெங்களூர் போகிறார் என்பதால், உங்களுக்காகக் காத்திராமல் கமிட்டி இன்று மத்தியானமே தகர ஷெட்டில் கூடிவிட்டது. நான்தான் சாயா போட்டேன், எல்லாம் கேட்டது. கைடு இல்லாமல் யாரையும் விடுவதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். குறை எதுவும் விடுபடாமல் தீர்மானத்தில் சேர்க்க, சதாசிவன் சார் வருகைப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். அதில் காட்டாக்கடை ஜீனா என்ற ஒரு அம்மா போன மாதம் எழுதியதைச் சத்தமாக வாசித்தார்: "எத்தனையோ இடம் கைடோடு பார்த்திருக்கிறேன். இவ்வளவு நல்ல கைடைக் கண்டதில்லை. ஒரு சொல் பேசவில்லை. நான் நின்ற இடத்தில் நின்றாள், நடந்தபோது கூடவே வந்தாள், ஒவ்வொரு கல்லையும் எனக்கு விட்டுக்கொடுத்தாள்." மாமா, உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நான் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடித்திருந்தேன். உட்காராதீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்வதற்காகத்தான் ஆறு கல்லும் பின்னாலேயே நடந்தேன். வாய் வரவில்லை. அவர் உட்கார்ந்தும்விட்டார். பச்சைப் பெயிண்ட். அதைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை, பெருந்தன்மையானவர்.

"ஆராக்கும் இந்தக் கைடு?" என்று சார் கேட்டார். ராஜப்பன் அண்ணன்தான் எழுந்தார். "எனக்க தொண்டைக்குக் கல்யாண மண்டபம் உண்டு, லாட்டரி உண்டு. இந்த எடம் எனக்குள்ளதில்ல. ரெஜிலாவ வையுங்க," என்றார். "அவ பேசமாட்டாளே!" என்றார் சார். "அதாக்கும் நானும் சொல்லியது. இதுவரைக்கும் வந்த கொழப்பமெல்லாம் பேசினதுலயும் எழுதினதுலயுமாக்கும். சும்மா நடந்ததுல ஒண்ணும் வந்ததில்ல," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். கைடு எப்போதும் கேட்டிலேயே இருப்பதால் முன்கூட்டிச் சொல்லி வர வேண்டாம், தனியாக வருகிறவர்களும் ஒன்பதிலிருந்து ஐந்துவரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தீர்மானத்தின் கீழேயே சேர்த்துவிட்டார்கள்.

ஆகவே மேலே எழுதிய ஏழு பக்கத்தையும் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். நாற்பத்திரண்டு பேரும் கைடு வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டே நுழையவும். கைடு இல்லாமல் விடமாட்டேன், மாமா என்றாலும் விடமாட்டேன். முதல் ஐந்து கல்லுக்கு நான் பேச வேண்டியது ஒன்றும் இல்லை. ஆறாவது கல் முன்னால் மட்டும், இவர் எந்த ஊர் என்று உங்கள் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்காக இன்று சாயங்காலம் முழுவதும் வாழைத்தோப்பில் நின்று "தெரியாது" என்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன். இப்போது நன்றாக வருகிறது.